யாரிடம் கற்றார் இந்தப் பயில்வான்?

ஏனாத்தூரில் நடவு வேலை முடித்துத் திரும்பும் தோழரும், ஆலையில் ஷிப்டு முடித்துப் பஸ் இறங்கும் தோழரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் கூடுகிறார்கள். பக்கத்தில் பிள்ளைகளின் கைபேசியில் ஓடுவது பல நாள் அமெரிக்கக் குஸ்திதான். மலைபோல் ஒருவன் மேடை ஏறுகிறான். இவன் இன்ன உஸ்தாதின் சிஷ்யன், இன்ன நிலவறையில் எலும்பு நொறுங்கப் பயின்றவன், இன்ன காட்டில் புலியோடு பழகியவன் என்று ஒலிபெருக்கி முழங்குகிறது. பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். பெரியவர்கள் கேட்கிறார்கள்: இதெல்லாம் வாஸ்தவமா, கப்ஸாவா?

பெரும்பாலும் கப்ஸா என்பதே நம் பதில். ஆனால் அதோடு விட்டுவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கப்ஸாவைக் கட்டியவன் யார், அதனால் காசு பார்த்தவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் நம் நாட்டுக் கதையை எடுப்போம். பரோடா அருங்காட்சியகத்தில் ஒரு பாறாங்கல் இருக்கிறது. 1902-ல் காமா பயில்வான் அதைத் தூக்கினார் என்றும், அதன் எடை 1,200 கிலோ என்றும் சொல்கிறார்கள். நெல் மூட்டை சுமக்கிற தோழர்களிடமே இந்தக் கணக்கை ஒப்படைக்கலாம். மூட்டை 75 கிலோ. அப்படியானால் 16 மூட்டை! ஒரே ஆள், ஒரே மூச்சில்! 2021-ல் ஜார்ஜியா நாட்டு வீரர் லாஷா தலாகாட்ஸே தலைக்கு மேல் தூக்கி உலக சாதனை செய்தது 267 கிலோ. அதாவது மூன்றரை மூட்டை. காமா அந்தக் கல்லைப் புரட்டியிருக்கலாம், நகர்த்தியிருக்கலாம். தூக்கினார் என்பதைக் களத்துமேட்டில் நிற்கிற எவரும் நம்பமாட்டார்.

தினமும் 5,000 பஸ்கி, 3,000 தண்டால் என்பார்களே, அது? நிமிஷத்துக்கு 30 பஸ்கி என்று வைத்தால் 5,000-க்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறையும். வேறு வேலையே இல்லாமல், பாலும் பாதாமும் நெய்யும் சமஸ்தானச் செலவில் வந்தால் இது நடக்கக்கூடியதுதான். நாற்றங்காலில் குனிந்து நிமிர்கிறவர்கள் தினம் எத்தனை பஸ்கி போடுகிறார்கள் என்று யாரும் எண்ணியதில்லை.

இந்தக் கல்லும் கணக்கும் இல்லாமலே காமா பெரிய மல்லர் என்பதுதான் வேடிக்கை. 1910-ல் லண்டனுக்குப் போனார். உயரம் குறைவு என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். பகிரங்கமாகச் சவால் விட்டு, அமெரிக்கர் ரோலரை வீழ்த்தினார். போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரம் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்து தப்பினார்; மறு போட்டிக்கு வரவேயில்லை. 1928-ல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷத்துக்குள் காமா சாய்த்தார். இவ்வளவு இருந்தும், 1960-ல் லாகூரில் கண் மூடுமுன் கடைசிக் காலத்தை வறுமையிலும் நோயிலும் கழித்தார். 1,200 கிலோ கதையை ஊதியவர்கள் யாரும் அவருக்குக் கஞ்சி ஊற்றவில்லை.

தாராசிங்கை நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். கிங்காங்கோடு அவர் மோதிய கதை ஊர் ஊராகப் பேசப்பட்டது. இரண்டு அரக்கர்கள், ஜென்மப் பகை என்று சுவரொட்டிகள் கத்தின. வாஸ்தவத்தில் கிங்காங் என்பவர் எமில் ஸாயா. ஐரோப்பாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் குடியேறியவர். பெயர் 1933-ல் வந்த குரங்குப் படத்தின் பெயர். தாராசிங்கும் 1940-களின் இறுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போனவர்தான். அங்கே பீப்பாய் செய்யும் ஆலையில் கூலி வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் ஹர்னாம் சிங் என்பவரிடம் குஸ்தி கற்றார். ஆலைத் தொழிலாளி, ஷிப்டு முடித்து வந்து மல்யுத்தம் பயின்றவர்! இதைவிட நல்ல பரம்பரை வேறென்ன வேண்டும்? சுவரொட்டியில் இது வரவில்லை. ஆலைக்காரன் என்று போட்டால் டிக்கெட் போகாது என்பது ஒப்பந்தக்காரன் கணக்கு.

அவர் பட்டங்களையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். 1959-ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம் பெற்றார். 1968-ல் பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கரை வென்று உலகச் சாம்பியன் ஆனார் என்கிறார்கள். ஆனால் தெஸ் தம் பிரதான உலகப் பட்டத்தை 1966-லேயே இன்னொருவரிடம் இழந்துவிட்டார். 500 போட்டி, ஒன்றிலும் தோல்வி இல்லை என்கிறார்கள். யார் வைத்திருந்த பேரேடு அது? அதே சமயம், செருப்புத் தொழிலாளியின் மகனான அந்தத் தெஸ், தாராசிங் நிஜமான மல்லர், அவரிடம் தோற்பதில் தமக்குச் சங்கடம் இல்லை என்று பின்னாளில் எழுதினார். பட்டம் ஊதப்பட்டது, உடம்பில் இருந்த வித்தை நிஜம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி கடல் கடந்து வருவோம். கனடாவில் கால்கரி நகரில் ஸ்டு ஹார்ட் என்ற பழைய மல்லரின் வீட்டு நிலவறை உலகப் பிரசித்தம். அங்கே அவர் பிடித்துப் பிழிந்ததில் ஆட்கள் அலறிய கதைகள் ஏராளம். அந்த நிலவறை மாணவர் என்றால் மதிப்பே தனி. எனவே அங்கே பயிலாதவர்கள் பெயரையும் அந்தக் கணக்கில் எழுதினார்கள். கிறிஸ் ஜெரிக்கோவும் லான்ஸ் ஸ்டார்மும் 1990-ல் ஹார்ட் பெயரில் நடந்த முகாமில் சேர்ந்தவர்கள். முகாம் நடந்தது நிலவறையில் அல்ல, ஒகோடோக்ஸ் என்ற சிற்றூரில். கற்றுக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். இதை அந்த இருவருமே பின்னாளில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். பெயர் பெரிய குடும்பத்தினுடையது, உழைப்பு பெயர் தெரியாத வாத்தியாருடையது. ஆலை முத்திரைக்கும் நெய்தவனுக்கும் உள்ள உறவுதான். நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னும் கொடியது ஜேம்ஸ் ஹாரிஸ் கதை. 1950-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த நீக்ரோ இனத்தவர். இளம் வயதில் வார நிலத்தில் பாடுபட்டார், பழம் பறித்தார், லாரி ஓட்டினார். மிச்சிகனில் டிம் ஹாம்ப்டன் என்பவரிடம் முறையாகக் குஸ்தி பயின்றார். 1982-ல் மெம்பிஸ் நகரத்து ஆட்டக்காரர்கள் அவர் முகத்தில் சாயம் பூசி, கையில் ஈட்டி கொடுத்து, ‘உகாண்டா அரக்கன் கமாலா’ என்று பெயர் வைத்தார்கள். பேசத் தெரியாதவன், நரமாமிசம் தின்பவன் என்று விளம்பரம்! பயிற்சியும் போயிற்று, வாத்தியாரும் போனார், பேச்சும் போயிற்று. 1992-ல் ஒரு பெரிய ஆட்டத்தில் தமக்குக் கிடைத்தது 13,000 டாலர், எதிரே நின்றவருக்கு 5 லட்சம் டாலர் என்று அவரே பேட்டியில் சொன்னார். நீரிழிவில் இரண்டு காலையும் இழந்து, 2020-ல் மறைந்தார்.

நம் நாட்டுக் ‘கிரேட் காலி’ தலிப் சிங் ராணாவும் அப்படித்தான். இமாசலப் பிரதேசத்துக் கிராமத்து ஏழைக் குடும்பம். கூலி வேலை, ரோட்டுக்குக் கல் உடைத்தது, காவலாளி உத்தியோகம், 1993-ல் பஞ்சாப் போலீஸ். 2006-ல் அமெரிக்கக் கம்பெனி அவரை மேடையேற்றியபோது கல் உடைத்தவரைக் காணோம். காடும் மலைப்பாம்பும் புலியும்தான் இருந்தன.

“கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவரிடம் அஸ்தினாபுரத்துப் பட்டா கேட்பீர்களா? இதுவும் கூத்துதானே?” என்று ஒரு கட்சி பேசும். நல்ல கேள்வி. இந்தக் காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரம் தெருக்கூத்து பிறந்து வளர்ந்த மண். ஆனால் கூத்துக்காரர் விடிந்ததும் முகச்சாயத்தைக் கழுவிவிட்டு இன்ன வாத்தியாரிடம் கற்றேன் என்று உண்மையைச் சொல்கிறார். குஸ்திக் கம்பெனி ஆளுக்குத் தக்கபடி பேசுகிறது. ரசிகனிடம் நிஜச் சண்டை என்று டிக்கெட் விற்றது. 1989-ல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டசபையில், இது வெறும் பொழுதுபோக்கு, முடிவு முன்கூட்டியே தீர்மானித்தது என்று ஒப்புக்கொண்டது. ஏன்? விளையாட்டு என்றால் சர்க்காரின் மேற்பார்வையும் கட்டணமும் வரும்! தொழிலாளியிடம் வந்தால் மூன்றாவது பேச்சு: நீ எங்கள் தொழிலாளியே அல்ல, தனி ஒப்பந்தக்காரன். 1986-ல் ஜெஸ்ஸி வெஞ்சுரா என்ற மல்லர் சங்கம் வைக்கலாம் என்று உடை மாற்றும் அறையில் பேசினார். பேச்சு உடனே முதலாளி காதுக்கு எட்டிவிட்டது. கொண்டுபோனவர் ஹல்க் ஹோகன் என்று பிற்பாடு வழக்கில் முதலாளியே வாக்குமூலம் கொடுத்தார். திரையில் நாட்டைக் காக்கும் மாவீரர் வேஷம் போட்டவர் இவர்!

வெறும் வாய்ப் பந்தல் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பரம்பரைப் பெருமையை முதலாக வைத்துத்தான் பயிற்சிக்கூடங்கள் நடக்கின்றன. நான் அவரிடம் கற்றவன், என்னிடம் கற்றால் நீயும் அவர்போல் ஆவாய் என்று இளைஞர்களிடம் பணம் வாங்குகிறார்கள். 2001-ல் கலிபோர்னியாவில் ராணா பயின்ற கூடத்தில், அவரோடு ஒரு பிடியைப் பழகிய இளைஞர் தலையில் அடிபட்டு இறந்தார். அதற்கு முன்பே அவர் ஒருமுறை தலையில் அடிபட்டவர். 2005-ல் நீதிமன்ற நடுவர் குழு அந்தக் கூடத்தையே பொறுப்பாக்கி, குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. கற்றுக்கொடுக்கிறவனுக்குத் தெரியாத வித்தை கற்றுக்கொள்கிறவன் கழுத்தில்தான் விடிகிறது.

பரம்பரை என்ற சொல்லே பொய் என்று நாம் சொல்லவில்லை. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் வளர்த்தவை. அங்கே ஒருவன் பொய் சொல்லித் தப்ப முடியாது. அவன் எந்த வாத்தியாரிடம் எத்தனை வருஷம் அடி வாங்கினான் என்பது தெருவுக்கே தெரியும். சிலம்பக்காரரைக் கேளுங்கள், முதல் வீச்சிலேயே இது யார் கை என்று சொல்லிவிடுவார். ராஜாக்களின் பட்டம்தான் இப்படிச் சோதிக்க முடியாதது. நம் காஞ்சியை ஆண்ட நரசிம்மவர்மனுக்கு ‘மாமல்லன்’ என்று பெயர். யாரை எந்தக் கோதாவில் வீழ்த்தினாய் என்று கேட்க அன்றைக்கு யாருக்குத் தைரியம் இருந்திருக்கும்?

கோயில் மதிலில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்துக்கு நிற்கிறவனுக்கு வயது என்ன, வீடு இருக்கிறதா, முன்பு கணக்குக் காட்டினானா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. நிலமில்லாதவன் பெயருக்கு அந்தக் குடத்தில் இடமில்லை, அது வேறு வழக்கு. ஆயினும் தகுதியைச் சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்ற வழக்கம் இந்த மண்ணுக்கு ஆயிரம் வருஷத்துப் பழக்கம்.

காட்டியவர்களின் கதி என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தோம். சாக்ஷி மாலிக் 2016 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். பஜ்ரங் பூனியா டோக்கியோவில் வென்றவர். வினேஷ் போகாட் உலகப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர். இவர்கள் பயிற்சியைப் பற்றி எவனும் கதை கட்ட வேண்டியதில்லை. மல்யுத்த சம்மேளனத்தின் அன்றைய தலைவர்மீது பாலியல் புகார் கூறி, 2023-ல் டில்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மே 28-ந் தேதி போலீஸ் அவர்களைத் தெருவில் இழுத்துச் சென்றது. மறு வருஷம் பாரிஸில் இறுதிப் போட்டிக்கு வந்த வினேஷை 100 கிராம் எடை கூடியது என்று வெளியேற்றினார்கள். நிஜக் கோதாவில் 100 கிராமுக்குத் தராசு வைக்கிறார்கள்; கம்பெனிக் கோதாவில் புலியையும் மலைப்பாம்பையும் எடை போடாமலே ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஏனாத்தூர்ப் பிள்ளைகள் கோதாவில் இறங்கட்டும், தாராளமாக இறங்கட்டும். பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேட்கட்டும். வாத்தியார் யாரிடம் கற்றார்? அதைப் பார்த்த ஆள் யார்? கூடத்தில் வைத்தியத்துக்கு என்ன ஏற்பாடு? கை ஒடிந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாவிட்டால் கூலியை யார் கொடுப்பார்?