கப்பலுக்கு ஒரு நியாயம், கோயிலுக்கு ஒரு நியாயம்

1866-இல் அன்றைய துருக்கிப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. முந்தைய ஆண்டு மெக்கா யாத்திரிகர்களிடையே பரவிய காலரா, ஐரோப்பாவரை போய்விட்ட பீதியில் கூடிய மாநாடு அது. காலராவின் பிறப்பிடம் இந்தியா, அது மனிதரோடு சேர்ந்தே பயணம் செய்கிறது, யாத்திரைக் கூட்டங்கள் அதைப் பெருக்குகின்றன என்று அங்கே முடிவானது. அதே ஆண்டில்தான் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூர் நகராட்சியாக்கப்பட்டது. ஏழு ஆண்டு கழித்து, 1873-இல், சிதம்பரம். ஒன்று துறைமுகம், மற்றது யாத்திரைத் தலம். இந்த இரண்டு ஊர்களின் பழைய சுகாதார நிர்வாகத்தைக் கிளறினால், இன்றைய உள்ளாட்சிகளின் வழக்கங்கள் பலவற்றின் வேர் கையில் சிக்கும்.

கடலூர் நகராட்சியைப் பெற்றெடுத்தது 1865-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊரார் கட்டும் வரியில் முதல் பந்தி போலீசுக்கு. காவலர் செலவின் பெரும்பகுதியை ஊரே சுமக்க வேண்டும் என்பதுதான் அரசின் முதல் அக்கறை. சாலை, தெருவிளக்கு, குப்பை எல்லாம் மிச்சத்தில். தலைமையில் கலெக்டர், சுற்றிலும் அரசு நியமித்த உறுப்பினர்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கடனில் திணறிய அரசு, செலவை ஊர்களின் தலையில் இறக்கிவைக்க வழி தேடியதில் பிறந்த உள்ளாட்சி இது. 1871 சட்டம் போலீஸ் சுமையை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, அம்மை குத்துதல் ஆகியவற்றை ஏற்றியது. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானமும் 1884 மாவட்ட நகராட்சிகள் சட்டமும் தேர்தலைப் பரவலாக்கின. வருமானமோ வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, சுங்கச்சாவடி வசூல் என்று சில்லறையாகவே இருந்தது. இந்தக் காசில் குழாய்க் குடிநீரும் வடிகாலும் எப்படிக் கட்டுவது?

குழாய் போடக் காசில்லாத அரசு ஆளைக் கண்காணிக்கும். யாரைக் கண்காணிப்பது, யாரை விடுவது என்பதில்தான் அதன் அரசியல் இருந்தது.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இந்தியக் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு நெருக்கமாகிவிட்டன. அவற்றைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைக்க வேண்டும் என்று மற்ற நாடுகள் கேட்டன. கப்பல் நின்றால் பிரிட்டிஷ் வணிகம் நிற்கும். உடனே இந்திய அரசின் மருத்துவக் கொள்கையே அதற்கேற்ப வளைந்தது. 1880களின் நடுவரை அரசின் சுகாதார ஆணையராக இருந்த ஜே.எம். கன்னிங்ஹாம், காலரா ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதல்ல, இடத்தையும் காற்றையும் பொறுத்த நோய் என்று விடாமல் வாதிட்டார். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாக் குளத்து நீரில் கிருமியைக் கண்டு சொன்ன பிறகும் அதிகார வட்டாரம் எளிதில் அசையவில்லை.

கடலுக்கு இந்த நியாயம். கரையில் வேறு நியாயம். 1870களின் இறுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சைப் பக்கம் போனதும், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் கூட்டம் வந்திறங்கியது. கப்பல் பயணி கொண்டுபோகாத நோயை யாத்திரிகர் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வருவதாக அதிகாரிகள் நம்பினார்கள். திருவிழா ஊர்களில் அன்று பழக்கமான ஏற்பாடுகள் இவை: தட்டி வைத்த தற்காலிகக் கக்கூஸ், காலராக் கொட்டகை, கூடுதல் தோட்டிகள், சானிட்டரி இன்ஸ்பெக்டரின் ரோந்து, 1890களுக்குப் பிறகு கிணறுகளில் பெர்மாங்கனேட். பயனில்லாதவை என்று சொல்ல மாட்டேன், உயிர்கள் பிழைத்திருக்கும். ஆனால் தேர் நிலைக்கு வந்ததும் தட்டியும் பிரிக்கப்பட்டுவிடும். வருடம் முழுவதும் அதே குளத்திலும் கிணற்றிலும் தண்ணீர் மொள்ளும் உள்ளூர்க்காரருக்கு எதுவும் மிஞ்சாது.

அதிகாரிகளுக்கு ஒன்று, ஊராருக்கு ஒன்று என்ற இதே பாகுபாட்டைக் கடலூரின் நில அமைப்பிலேயே பார்க்கலாம். கலெக்டர் அலுவலகமும் அதிகாரிகளின் பங்களாக்களும் மஞ்சக்குப்பத்தில், பெரிய மைதானத்தைச் சுற்றி. கெட்ட காற்றே நோய் என்று நம்பிய காலத்தில் திறந்தவெளியே மருந்து. துறைமுகம், கிட்டங்கிகள், மீனவர் குப்பங்கள் எல்லாம் முதுநகரில், அதாவது ஓல்டு டவுன் எனப்படும் ஓ.டி.யில். கப்பல்கள் கடலிலேயே நிற்க, படகுகள் சரக்கை ஏற்றியிறக்கின. அலை ஏறினால் உப்பனாற்றில் நீர் எதிர்த்து வரும். இவ்வளவு தாழ்ந்த நிலத்தில் சாக்கடை ஓட வாட்டம் ஏது? பொறியியலும் பெரும்பணமும் வேண்டிய இடம் அதுதான், ஆனால் வரி கொடுக்கும் வலு குறைந்தவர்கள் வாழ்ந்ததும் அங்கேதான். நூறாண்டு கழித்து, 1980களில், சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகளும் அதே உப்பனாற்றங்கரையில் வந்து உட்கார்ந்தன. ஈச்சங்காடு, குடிகாடு மக்கள் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லிச் சலித்து, 2004 வாக்கில் தாங்களே வாளியால் ஆன எளிய கருவி வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

உருப்படியான மாற்றம் 1920களில் வந்தது. மாகாணத் துறைகளை இரண்டாகப் பிரித்த இரட்டையாட்சியில் பொதுச் சுகாதாரம் இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்டது. நிதித்துறையை வெள்ளையர் தம்மிடமே வைத்துக்கொண்டனர் என்பது வேறு கதை. சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் சுப்பராயலு ரெட்டியார் கடலூர்ப் புள்ளி, தென்னார்க்காடு மாவட்ட போர்டின் தலைவராக இருந்தவர். அந்தப் பத்தாண்டில்தான் மாவட்டந்தோறும் நிரந்தர சுகாதார அதிகாரி என்ற அமைப்பு உருவானது. நோய் வந்தபின் ஓடிவரும் டாக்டரல்ல இவர். நோய் வராமல் பார்ப்பதே இவருடைய உத்தியோகம். இந்தப் பணிப்பிரிவைத் தமிழ்நாடு கலைக்காமல் வைத்துக்கொண்டதன் அருமை 2004 சுனாமியில் தெரிந்தது. தேவனாம்பட்டினம் உள்ளிட்ட கடலோரக் குப்பங்களில் பிணங்களும் உடைந்த குடிநீர்க் குழாய்களுமாகக் கிடந்தும் பெரிய கொள்ளைநோய் எதுவும் வெடிக்கவில்லை.

அடுத்து 1939 பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இப்படியொரு முழுமையான சட்டம் இதுதான் முதல். ராஜாஜி அமைச்சரவை, துறை அமைச்சர் டி.எஸ்.எஸ். ராஜன். குடிநீர், வடிகால், தொற்றுநோய், சந்தை, திருவிழா எல்லாம் அதில் உண்டு. நகராட்சிகள் தம் வருவாயில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. 1865-இன் சில்லறைக் கணக்குக்கு அதுதான் சரியான பதில்.

கொரோனா காலத்தில், 2020-இல், முகக்கவசம் போடாதவருக்கு அபராதம் விதிக்க இதே சட்டம்தான் திருத்தப்பட்டது. சட்டத்தின் தடியைத் தேடி எடுத்தவர்கள் பணப்பைப் பகுதியைப் புரட்டியதாகத் தெரியவில்லை. திருவாதிரைக்குப் பிளீச்சிங் பவுடர் கோடு இன்றும் விழுகிறது, தில்லையம்மன் ஓடையில் சாக்கடை இன்றும் ஓடுகிறது. துப்புரவுப் பணியோ ஒப்பந்ததாரர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைய முனிசிபாலிட்டி சாதி பார்த்துத் தோட்டி வேலைக்கு ஆளெடுத்தாலும் சம்பளப் பட்டியலில் அவர் பெயரை எழுதியது. ஒப்பந்தப் பணியாளருக்கு இன்று அதுவும் இல்லை.

கடலூர் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. கடலூர், சிதம்பரம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன் உங்கள் கவுன்சிலரிடம் இரண்டு கணக்கு கேளுங்கள். நகரின் சொந்த வருவாயில் எத்தனை விழுக்காடு பொதுச் சுகாதாரத்துக்குப் போகிறது? உங்கள் வார்டின் குடிநீர்ப் பரிசோதனை முடிவு என்ன? எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.