வோட்டும் வாக்கும்



ஆங்கிலப் பயிற்சிக்குரிய இப்பகுதியைப் படித்துவரும் பெற்றோர் பலர் நம்மைக் காணும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளைகள் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கூற முடியவில்லையே, ஏன்?" என்பதே அது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியை நோக்கி ஓடுவதே காரணமென்பது நமது அனுபவம். ஒரு பொருளைச் சார்ந்த சொற்களை ஒரே குடும்பமாகச் சேர்த்து, அவை பிறந்த கதையோடு அறிந்துகொண்டால் அவை எளிதில் மறவா. இம்மாதம் தேர்தல் என்னும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

மீஞ்சூரில் நமது பங்கு மன்றத்தில் சனிக்கிழமை மாலைதோறும் இருபது பிள்ளைகள் போல ஆங்கிலம் படிக்கக் கூடுவர். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் எண்ணூர்த் துறைமுகத்திலும் ஒப்பந்தக் கூலிகளாய் உழைப்போரின் பிள்ளைகளே பெரும்பாலோர். முன்னொரு தேர்தல் காலத்தில் அவர்களுக்கு நாம் நடத்திய பாடமே இது. அந்தப் பாடம் நாம் எண்ணியிராத இடத்தில் போய் முடிந்தது. அதனையும் இறுதியில் கூறுவோம்.

முதற்சொல் எலெக்ஷன். இலத்தீன் மொழியில் 'எலிகோ' என்றால் 'தேர்ந்தெடுக்கிறேன்' என்பது பொருள். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சிஸ்டைன் சிற்றாலயத்தில் கர்தினால்மார் பெயரெழுதிய சீட்டிலும் இச்சொல்லே முதலில் நின்றது.

அடுத்தது கேண்டிடேட். 'கான்டிடுஸ்' என்றால் பளிச்சென்ற வெண்மை. பண்டை உரோமையில் பதவி நாடி மக்களிடம் வந்தோர், சுண்ணம் பூசி வெளுத்த மேலாடை அணிந்து வந்தனர். ஆகவே கேண்டிடேட் என்றால் வெள்ளையுடையார் என்றே பொருள். இதைக் கூறியவுடன், நம் ஊர் வெள்ளை வேட்டியை நினைத்துப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர். பீடத்தில் எரியும் மெழுகுதிரிக்கு ஆங்கிலப் பெயரான கேண்டில், ஒளிவுமறைவற்ற என்று பொருள்படும் கேண்டிட் ஆகியவையும் இதே வேரில் பிறந்தவை. ஒரு வேரை அறிந்தால் மூன்று சொற்கள் கைக்கு வருகின்றன.

பாலட் என்பது இத்தாலியர் தந்த சொல். சிறு உருண்டை என்பது அதன் பொருள். வெனிஸ் நகரத்தார் உருண்டைகளைப் பெட்டியிலிட்டுத் தம் விருப்பைத் தெரிவித்தனர். நம்மவரோ ஓலையை நம்பினர். சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச்செய்த குடவோலை முறையை விவரிக்கின்றன. கணக்குக் காட்டாதவர்க்கு அங்கே இடமில்லை என்பதையும் அறிக.

போல் என்ற சொல்லுக்குப் பழம்பொருள் தலை. தலைகளை எண்ணுவதே போலிங். மாடி வீட்டின் தலையும் குடிசையின் தலையும் ஒன்றென்றே எண்ணப்படும். கான்ஸ்டிடுயன்ஸி என்பது தொகுதி. நம் மீஞ்சூர், பொன்னேரி என்னும் சட்டமன்றக் கான்ஸ்டிடுயன்ஸியைச் சேர்ந்தது. டெபாசிட் என்பது கீழே வைத்தது, அதாவது முன்பணம். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பெறாமல் தோற்றவர் அதனை இழப்பார்.

இனி வாசிப்புப் பயிற்சிக்கு வருவோம். வடசென்னை இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதியின் இடைத்தேர்தல் பற்றிய பழைய ஆங்கிலச் செய்தி ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். கும்மிடிப்பூண்டி இரயிலில் சென்னை செல்வோர் நாள்தோறும் கடந்துபோகும் கொருக்குப்பேட்டை அத்தொகுதியில் உள்ளதே. அகராதியைத் தொடாமல், யார், என்ன செய்தார், எங்கே, எப்போது என்னும் நான்கை மட்டும் முதலில் தேடிக் கோடிடச் சொன்னோம். விடை கிடைத்தது. தேர்தல் ஆணையம், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அங்கு நடைபெறவிருந்த வாக்குப்பதிவை, வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்ட காரணத்தால் சில நாட்களுக்கு முன்னரே நிறுத்திவிட்டது. பிறகு அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் தேர்தல் நடந்தது.

இப்போது ஒரே ஒரு சொல்தான் பிள்ளைகளைத் தடுத்தது. அது ரெசிண்ட். வெட்டி நீக்குதல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. முன்பிட்ட ஆணையை வெட்டிவிடுவது, அதாவது இரத்து செய்வது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் இதே காரணத்தால் இரத்தானதை ஒரு மாணவன் நினைவூட்டினான். பொருள் அறிந்து படித்த செய்தி மனத்தில் நிற்குமென்பதற்கு இதுவே சான்று.

கடைசிச் சொல்லை வேண்டுமென்றே இறுதிக்கு வைத்திருந்தோம். அது வோட். நாம் நாள்தோறும் வழங்கும் இச்சொல்லின் தாய் 'வோத்தும்' என்னும் இலத்தீன் சொல். நேர்ந்துகொண்டது, பொருத்தனை, மனத்தின் வேண்டுதல் என்பன அதன் பொருள்கள். துறவியர் எடுக்கும் வார்த்தைப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் வவ் என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பே. நம் தமிழரோ இதனை வாக்கு என்றனர். வாக்கு என்றால் சொல், கொடுத்த சொல். எங்கோ பிறந்த இரு மொழிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள் என்று வியந்து கூறிப் பாடத்தை முடித்தோம்.

பிள்ளைகள் கலைந்தனர். ஒரு மாணவி மட்டும் எழவில்லை. அவ்வாண்டுதான் முதன்முறையாக வாக்களிக்கவிருந்தவள். "ஃபாதர், எங்கள் அம்மா வாக்கு கொடுத்துவிட்டார்களே, அதை என்ன செய்வது?" என்றாள்.

மறுநாள் திருப்பலி முடிந்தபின் தாயை அழைத்து வந்தாள். இருட்டியபின் வந்தவர்கள் வீட்டிலுள்ள வாக்குகளுக்கு இவ்வளவென்று பணம் வைத்து, திருவிருதயப் படத்தைத் தொட்டுச் சத்தியமும் வாங்கிச் சென்றிருந்தனர். "சாமி, அவர்கள் நல்லவர்களில்லை என்று தெரியும். ஆனால் படத்தின்மேல் கைவைத்துச் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ?" என்று அவ்வம்மையார் கண்கலங்கினார். அவருடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறோம்.

அம்மையார் பணத்துக்கு ஆசைப்பட்டவரல்லர் என்பது நமக்கு விளங்கியது. அவரைக் கட்டியிருந்தது பணமன்று, சத்தியம். வாக்குத் தவறக்கூடாதென்னும் அந்த நல்ல குணத்தைத்தான் வந்தவர்கள் விலைபேசியிருந்தனர்.

நாம் கூறியது இது: "அம்மா, தீமை செய்வதாகக் கொடுத்த சத்தியம் யாரையும் கட்டாது. ஏரோது விருந்தில் இட்ட ஆணையைக் காப்பாற்றினான். அதனால் திருமுழுக்கு யோவானின் தலை போயிற்று. ஆணையைக் காத்ததற்காக அவனை யாரும் புகழவில்லை. சத்தியம் செய்ததற்கு வருந்துங்கள். மீறுவதற்கு அஞ்சாதீர்கள். கடவுள் உங்கள் பிள்ளையைப் பிணையாக வைத்துக் கணக்குக் கேட்பவரல்லர்."

கர்தினால்மாரின் தேர்தலில் நாம் குறிப்பிடாத செய்தி ஒன்றுண்டு. சீட்டைக் கலத்திலிடுமுன் ஒவ்வொருவரும் உரத்த குரலில் ஆணையிடுகிறார். இன்னாருக்கு அளிப்பேன் என்றன்று. கடவுள் திருமுன் தகுதியுடையவர் என்று தாம் கருதுபவர்க்கே அளிக்கிறேன் என்று. எண்ணி முடித்த சீட்டுகள் எரிக்கப்படுகின்றன. அந்த ஆணை மனச்சான்றுக்குக் காவல். பணத்தின்மேல் வாங்கும் சத்தியமோ மனச்சான்றுக்கு விலங்கு.

"எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமே" என்றார் அம்மையார். தெரியாது. ஸெக்ரட் பாலட் என்னும் இரகசிய வாக்கு சட்டத்தால் காக்கப்படுவது. நாம் அழுத்தியதைக் காட்டும் தாள் ஏழு வினாடிகள் கண்ணாடிக்குப் பின்னே நின்று பெட்டிக்குள் விழுந்துவிடும். ஒரு சாவடியில் யாருக்கு எத்தனை என்னும் தொகைதான் வெளிவருமேயன்றி, யார் யாருக்கு என்பது வெளிவராது.

"அப்படியானால் பணத்தை வாங்கிக்கொண்டு விரும்பியவர்க்குப் போடலாமே" என்றாள் மகள். இப்படிச் சமாதானம் கூறுவோர் நம்மிடையே பலர். அது சரியன்று. வாக்குக்காகப் பணம் கொடுப்பது போலவே வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. அதனினும் பெரிது ஒன்றுண்டு. விலை வாங்கியவர், நாளை குடிநீர் வரவில்லையென்று கேட்கும்போது, "அன்றே கொடுத்தாயிற்றே" என்னும் பதிலைக் கேட்க நேரும்.

"திருப்பிக் கொடுத்தால் தெருவில் நான் ஒருத்திதானே தனியாக நிற்பேன், சாமி?" என்று அம்மையார் கேட்டதற்கு நம்மிடம் எளிய விடை இல்லை. அச்சம் உண்மையானது. குழாயடியிலும் ரேஷன் கடையிலும் நாள்தோறும் அவர்களைப் பார்க்கவேண்டியவர் அவரேயன்றி நாமல்லோம். அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கலக்கவேண்டாம் என்றும், அடுத்தமுறை கதவைத் திறக்கும்போதே மறுத்துவிடுவது எளிதென்றும், தெருவில் நால்வர் சேர்ந்து மறுத்தால் அது இன்னும் எளிதென்றும் கூறினோம். சில நாட்களுக்குப்பின் ஏழைகளுக்கான உண்டியலில் அந்த நோட்டுகளை அவர் போட்டதாக மகள் சொன்னாள். யாருக்கு வாக்களித்தார் என்று நாம் கேட்கவில்லை. கேட்கலாகாது.

வீட்டுப் பயிற்சி: பதினெட்டு நிறைந்த பிள்ளை வீட்டிலிருந்தால், பெயர் சேர்ப்பதற்குரிய ஆறாம் எண் படிவத்தின் ஆங்கிலப் பிரதியை அவன் கையில் கொடுங்கள். அகராதியின்றி முதலில் ஒருமுறை படிக்கட்டும். புரியாத ஐந்து சொற்களை மட்டும் எழுதிப் பொருள் காணட்டும். பிறகு தாய்தந்தையர்க்குத் தமிழில் விளக்கட்டும். வோட் என்பதற்குப் பொருள் என்னவென்று நீங்கள் அவனைக் கேளுங்கள். தேர்தல் முடியும்வரை அந்த விடையை வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருங்கள்.