டிரைவரை அழித்தவர்களே மெஷினைப் பழசு என்கிறார்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பாடசாலைகளுக்குக் கொம்பியூட்டர் அன்பளிப்புச் செய்பவர்களும் அதைப் பொறுப்பெடுக்கும் ஆசிரியர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

"சேர், உது பழசு. எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுங்கோ." பழைய மினி பீசியைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடைக்குப் போனாலும் இதுதான் பதில். அந்த மெஷினில் ஒரு பழுதும் இருக்காது. பவர் வரும், ரேம் வேலை செய்யும், ஹார்ட் டிஸ்க் சுழலும். இல்லாதது டிரைவர் என்கிற ஒரு சின்ன மென்பொருள் மட்டும்தான்.

விளங்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸுக்குத் தன்னால் எல்லாச் சிப்புகளோடும் பேசத் தெரியாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் டிரைவர். கிராபிக்ஸ் டிரைவர் இல்லாவிட்டால் திரை இழுபட்டுத் தெரியும், வீடியோ விக்கி விக்கி ஓடும். நெட்வேர்க் டிரைவர் இல்லாவிட்டால், அந்த டிரைவரைத் தேடி இணையத்துக்குப் போகவே வழியில்லை.

உதாரணத்துக்கு இன்ரெலின் அட்டம் டி2550. பத்து வருடத்துக்கு முந்திய மினி பீசிகள் பலவற்றில் இருந்த சிப். 10 வாட் வகையைச் சேர்ந்தது. 64 பிட் விண்டோஸை ஓட்டக்கூடியது. ஆனால் அதன் கிராபிக்ஸ் பகுதி இமாஜினேஷன் என்ற வேறொரு நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. அதற்கு விண்டோஸ் 7 இன் 32 பிட் பதிப்புக்குத்தான் இன்ரெல் ஒழுங்கான டிரைவர் கொடுத்தது. சிப்புக்கு 64 பிட் தெரியும், டிரைவருக்குத் தெரியாது! இதை அறியாமல் 64 பிட் போட்டுவிட்டு மெஷின் சரியில்லை என்று மூலையில் வைத்தவர்கள் எத்தனை பேரோ.

அதற்குப் பிந்திய கதை இன்னொரு மாதிரி. விண்டோஸ் 7 வந்தது 2009 இல். அதன் இன்ஸ்டோல் டிஸ்க்கில் யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. 2015 க்குப் பிறகு வந்த பல மினி பீசிகளில் பழைய யூஎஸ்பி கட்டுப்படுத்தியே இல்லை. ஆகவே இன்ஸ்டோல் திரை வரும், கீபோர்ட்டும் மவுஸும் அசையாது. பலர் அந்த இடத்தில் கையை விரித்துவிடுவார்கள். டிரைவரை முன்கூட்டியே இன்ஸ்டோல் பென் டிரைவுக்குள் சேர்த்துவிட்டால் அரை மணித்தியால வேலை. ஆனால் சேர்ப்பதற்கு முதலில் டிரைவர் கிடைக்க வேண்டுமே?

அங்கேதான் என் கோபம். 2019 நவம்பரில் இன்ரெல் தன் பழைய மதர்போர்டுகளின் பயோஸையும் டிரைவர்களையும் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. 2020 ஓகஸ்டில் மைக்ரோசொஃப்ட், கையொப்ப முறை பழசு என்று சொல்லித் தன் பழைய பதிவிறக்கங்களை நீக்கியது. 2025 ஜூனில், விண்டோஸ் அப்டேட்டிலுள்ள பழைய டிரைவர்களையும் கட்டங்கட்டமாக நீக்கப்போவதாக அறிவித்தது. பழசுக்குப் புதிய மேம்படுத்தல் செய்யாவிட்டால் போகட்டும், அதை யாரும் கேட்கவில்லை. ஏற்கனவே செய்து முடித்த கோப்பைச் சேர்வரில் வைத்திருக்க இந்தக் கம்பனிகளுக்கு எவ்வளவு செலவு? அதிகாரபூர்வப் பக்கம் மூடப்பட்டதும் சனம் எங்கே போகிறது? டிரைவர் என்ற பெயரில் வைரஸ் விற்கும் தளங்களுக்கு.

"பழைய விண்டோஸ் பாதுகாப்பில்லை" என்பார்கள். உண்மை. 2017 மே மாதம் வன்னாக்ரை உலகத்தை ஆட்டியபோது அதிகம் அடிபட்டது விண்டோஸ் 7 தான். அதனால்தான் அப்படிப்பட்ட மெஷினை இணையத்தோடு இணைக்கக் கூடாது என்கிறேன். ஆனால் அதே மாதம், மூன்று வருடத்துக்கு முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

"லினக்ஸ் போடுங்கள்" என்பார்கள். போடத்தான் வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன அந்தக் கிராபிக்ஸுக்கு லினக்ஸ் கேர்னலில் உள்ள டிரைவரிலும் முப்பரிமாண முடுக்கம் இல்லை. 64 பிட் தெரியாத இன்னும் பழைய அட்டம்களுக்கு உபுண்டு எப்போதோ கதவைச் சாத்திவிட்டது. 2025 இல் வந்த டெபியன் 13 உம் 32 பிட் இன்ஸ்டோலரை நிறுத்திவிட்டது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டிக்கு வாருங்கள். கடற்காற்றில் உப்பு. காற்றாடி வைத்த பெரிய கேசிங் அந்த உப்பையும் தூசியையும் உள்ளே இழுத்து இழுத்தே துருப்பிடித்துச் சாகிறது. காற்றாடியே இல்லாத மினி பீசிதான் இங்கே தாக்குப்பிடிக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டோமா? ஒரு சின்ன இன்வேட்டரில் பெரிய கொம்பியூட்டர் ஒன்று ஓடும் மின்சாரத்தில் இவற்றில் மூன்று நாலு ஓடும்.

பிள்ளைக்கு என்ன தேவை? சாதாரண தர தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்குச் சொற்செயலி, விரிதாள், தரவுத்தளம், பாஸ்கல். இதில் எது அட்டம் சிப்பால் முடியாதது? பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்கள்கூட அதில் அப்படியே திறக்கும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சிப் வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் கழிக்கப்படும் மெஷின்கள் "ஊர்ப் பாடசாலைக்கு அன்பளிப்பு" என்று வரப்போகின்றன. ஹார்ட் டிஸ்க்கை வெறுமையாக்கி, டிரைவர் இல்லாமல் வந்தால் அது அன்பளிப்பு அல்ல, எங்கள் தலையில் கட்டும் குப்பை.

ஆகவே என் கோரிக்கைகள்:

1. அன்பளிப்புச் செய்பவர்களே, விண்டோஸ் 10 ஐ அழிக்குமுன் அதிலுள்ள டிரைவர்களை ஒரு பென் டிரைவில் எடுத்து மெஷினோடு அனுப்புங்கள். ஒரே கட்டளையில் முடியும் வேலை.

2. பாடசாலைகளுக்குக் கொம்பியூட்டர் வாங்கும் எந்த ஒப்பந்தத்திலும், டிரைவர் கோப்புகள் முழுவதையும் கையளிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

3. ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஒரு ஹார்ட் டிஸ்க், அதில் வலயத்திலுள்ள எல்லா மொடல்களின் டிரைவர்களும். பெரிய நிதி தேவையில்லை.

4. ஆசிரியர்களே, அலுமாரியில் கிடக்கும் டிரைவர் சீடிகளை எறியாதீர்கள். இன்றே கொப்பி எடுங்கள். தொலைந்திருந்தால் டிவைஸ் மனேஜரில் ஹார்ட்வெயார் ஐடியைப் பாருங்கள். அதில் VEN_8086 என்று இருந்தால் இன்ரெல். அந்த ஐடியை வைத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடுங்கள், பழைய சீடிகள் பல அங்கே அப்படியே இருக்கின்றன. எடுத்ததை வைரஸ் ஸ்கேன் செய்து, கையொப்பம் பார்த்த பிறகே போடுங்கள்.

வீண்விரயம் பாவம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பாடசாலைக்கு வந்த பொருள் எங்கள் கையில் இருக்கும் அமானிதம். ஓடுகிற மெஷினை, சின்னக் கோப்பு ஒன்று இல்லை என்பதற்காகப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

உங்களிடம் இருக்கும் மினி பீசி மொடலையும் டிரைவர் சீடி விபரத்தையும் கொமென்டில் போடுங்கள். ஒரு பட்டியலாகத் தொகுத்து எல்லோருக்கும் பகிர்கிறேன், இன்ஷா அல்லாஹ்.