கோழித் தேநீர்க் கூஜாவும் ஒரு குமாஸ்தாவின் கணக்கும்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ‘போர்ஸ்லேன்’ என்ற சொல்லைப் பள்ளியில் கற்றேன்; பொருளைப் பார்த்தது வெகுகாலம் கழித்து. நம்மூரில் அதற்குப் பெயர் பீங்கான்.

இப்போது இணையத்தில் பழைய ஐரோப்பியப் பீங்கான் படங்களைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதிலும் பறவை உருவத் தேநீர்க் கூஜாக்கள். சேவலின் அலகு மூக்குக் குழாய். வளைந்த வால் கைப்பிடி. இன்னொன்று, குஞ்சுகள் சூழ்ந்த தாய்க்கோழி.

இவை பிறந்த இடம் ஜெர்மனியின் மைசன். தங்கம் செய்வேன் என்று சொல்லி, சாக்சனியை ஆண்ட அகஸ்டஸிடம் கைதியாக மாட்டிக்கொண்ட போட்கர் என்ற இளைஞர், தங்கத்துக்குப் பதில் பீங்கான் செய்யும் வித்தையைக் கண்டுபிடிக்கக் காரணமானார். 1710-இல் ஆலை தொடங்கியது. 1731-இல் சேர்ந்த சிற்பி கேண்ட்லர் 1775-இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார். 44 வருட சர்வீஸ்!

கூஜாவின் அடியில் இருப்பது ஆலையின் முத்திரையான இரட்டை வாள் மட்டும்தான். கேண்ட்லர் பெயர் அதில் இல்லை. அந்த முத்திரையையும் பலர் போலியாகப் போட்டு விற்றிருக்கிறார்கள். ஆனால் கேண்ட்லர் தாம் செய்த உருவங்களை மாதவாரியாகக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் பிழைத்ததால்தான் பல உருவங்களுக்கு இன்றும் அவர் பெயரை உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆயுள் முழுக்கத் தன்பதிவேடு எழுதிய எனக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி உண்டா?

இனி நம் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். இங்குள்ள மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பெருமைதான். ஆனால் அது ஊருக்குக் கிடைத்த முத்திரை. மைசனின் இரட்டை வாள் மாதிரி. அன்னத்தின் கழுத்தை வளைத்த கை யாருடையது என்று அது சொல்லாது. வாங்கியவர் வீட்டுக் கூடத்தில் அன்னம் நிற்கும். செதுக்கியவர் பெயர் பட்டறையோடு நின்றுவிடும். அடுத்த ஆர்டர் அவரைத் தேடி எப்படி வரும்? பேரன், ‘இது என் தாத்தா செய்தது’ என்று எதைக் காட்டிச் சொல்வான்?

‘சிற்பி பெயர் போடுவது நம் மரபில்லை, கலை கடவுளுக்கு’ என்பார்கள். கோயில் சிலைக்கு அது பொருந்தட்டும். கடையில் விலைச்சீட்டோடு நிற்கும் சிற்பத்துக்கு என்ன மரபு? விலை எழுத இடமிருந்தால் பெயர் எழுதவும் இடமிருக்கும்.

என் கட்சி இதுதான். ஒவ்வொரு சிற்பத்தின் அடியிலும் செதுக்கியவர் பெயரும் வருடமும் இருக்க வேண்டும். பட்டறைக்கு ஒரு நோட்டு: தேதி, உருவம், மரம், செய்தவர். நாலு பத்தி போதும். செலவு, ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

வாங்குகிற நாமும் ஒன்று செய்யலாம். பேரம் பேசும் முன், ‘இதைச் செய்தவர் யார்?’ என்று கேட்போம். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் தானாக எழுதி வைப்பார்.