வெயிலைக் கண்டார், நகரைக் கண்டாரா?

பயணக் கட்டுரை என்னும் பெயரால் மலேசியத் தமிழ் மலர்களிலும் மாணவர் ஏடுகளிலும் சென்னையைப் பற்றி வெளிவருவனவற்றுட் பெரும்பாலானவை ஒரே கட்டுரைதான். எழுதியவர் பெயர் மட்டும் மாறும். விமான நிலைய வாயிலில் அனல் முகத்தில் அறையும். ஆட்டோ ஓட்டுநர்கள் சூழ்ந்துகொள்வர். தியாகராய நகர் இரங்கநாதன் தெருவில் மூச்சு முட்டும். எங்கும் குப்பை, எங்கும் கூச்சல். முடிவில், பினாங்கின் தூய்மையை எண்ணி ஒரு பெருமூச்சு. இவை சென்னையைப் பற்றிய கட்டுரைகள் அல்ல. எழுதியவர் பட்ட வியர்வையைப் பற்றியவை.

டத்தோ கிராமாட்டில் வாழும் தமிழர் ஒருவர் தனியே சென்னை சென்று வந்து இவ்வாறு எழுதுகிறார் என்று கொள்ளலாம். தைப்பூசத்தின்போது வெள்ளி இரதம் தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் வழி அவருடைய சாலையே. கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் மக்கள் நிற்பர். தேங்காய்கள் குவியல் குவியலாக உடைபடும். தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று விழுங்கும். அதனை அவர் நெரிசல் என்றோ கூச்சல் என்றோ எழுதமாட்டார். பக்திப் பெருவெள்ளம் என்றே எழுதுவார். தவறில்லை. ஆனால் அதே வெயிலும் அதே கூட்டமும் வங்கக் கடலுக்கு அப்பால் மட்டும் எவ்வாறு அநாகரிகமாகிவிடுகின்றன?

இன்னொன்றும் உண்டு. ஜார்ஜ் டவுன் பினாங்கில் மட்டும் இல்லை, சென்னையிலும் இருக்கிறது. மண்ணடி, தம்புச் செட்டித் தெரு, இலிங்கிச் செட்டித் தெரு ஆகியவை அடங்கிய அப்பகுதியை ஆங்கிலேயர் முன்னர்க் கறுப்பர் நகரம் என்றே அழைத்தனர். கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரை, 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றிய நிகழ்ச்சிக்குப் பின், பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாயவேண்டும் என்பதற்காக இடித்துத் தள்ளினர். வீடிழந்தவர்கள் சற்று வடக்கே ஒதுக்கப்பட்டார்கள். அங்கே தெரு ஏன் குறுகியது என்று கேட்பவர்க்கு இவ்வரலாறு கிடைக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவர்க்குக் கிடைக்காது. பினாங்கின் ஒடுங்கிய சந்துகள் 2008இல் உலக மரபுச் சின்னமாகிவிட்டன. அவற்றைப் படம் எடுக்க வரும் வெள்ளையரைக் கண்டு பெருமைப்படும் நம்மவர், மண்ணடிச் சந்தில் மட்டும் முகம் சுளிப்பது வேடிக்கையாகும்.

வெயிலுக்கு வருவோம். மே மாத இறுதியில் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. அக்கினி நட்சத்திரத்தின் கடைக்கூற்றில் போய் இறங்கிவிட்டுச் சூரியனைக் குறை கூறுகின்றனர். 2003ஆம் ஆண்டு மே 31இல் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 பாகையைத் தொட்டது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்துக் கடற்காற்று நுழையத் தாமதமாகும் நாள்களில் சென்னை எரியும். கடற்காற்று வந்ததும் தணியும். அந்தக் காற்றுக்காகவே மாலையில் மெரினாவில் மக்கள் கூடுகின்றனர். அக்கூட்டத்தை எழுதியவர் உண்டு. காரணத்தை எழுதியவர் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 174 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 46 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நகரில் வாழ்ந்தனர். பினாங்குத் தீவு முழுவதிலும் 2020இல் 8 இலட்சம் பேர்கூட இல்லை. இரண்டையும் ஒரே முழக்கோலால் அளப்பது என்ன நியாயம்?

தனியே செல்லும் வெள்ளையர்க்கு மொழி தெரியாது. ஆகவே அவர் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறார். தமிழர்க்கு அந்தச் சாக்கு இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற தமிழ் கையில் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநரிடம் நாள் வாடகை எவ்வளவு என்று கேட்கலாம். பூ விற்கும் அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்கலாம். ஆனால் கட்டுரைகளில் சென்னைவாசி எவரும் ஒரு முழு வாக்கியம் பேசக் காணோம்! திரினிடாட்டிற்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் வழிவந்த நைப்பால், 1964இல் இந்தியாவைப் பற்றி எழுதிய முதல் நூலில் அருவருப்பே மேலோங்கிற்று. 1990இல் வந்த நூலிலோ சென்னை மனிதர்களைப் பக்கம் பக்கமாகப் பேசவிட்டார். தமிழ் அறியாத அவருக்கு வாய்த்த பொறுமை தமிழறிந்தார்க்கு வாய்க்கவில்லை. தமிழிலேயே ஏ. கே. செட்டியார் இருக்கிறார். உலகைச் சுற்றிய அவர் தம்மைப் பின்னே நிறுத்திவிட்டு ஊரை முன்னே நிறுத்தி எழுதியவர்.

குறையே கூறலாகாது என்பதன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டியதையும் கட்டடம் எழுப்பியதையும் கண்டிக்கத்தான் வேண்டும். 2015 வெள்ளத்தையும், 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்ததையும் எழுதத்தான் வேண்டும். அவ்வாறு எழுதுவது கண்டனம். 'ஒரே அழுக்கு' என்பது வெறும் சிணுங்கல். தாய்த் தமிழகம், தெய்வத் திருநாடு என உருகும் எதிர்க்கட்சிக் கட்டுரைகளும் இதே இனந்தான். அவற்றிலும் மனிதர் வாய் திறப்பதில்லை.

விடுமுறை முடிந்து வகுப்பில் பயணக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், 'அனல் காற்று வீசியது' என்னும் வரிக்கு அருகில் ஒரு கேள்விக்குறி இடட்டும். அந்த அனலில் கோயம்பேட்டுச் சந்தையில் மூட்டை இறக்கியவர் யார், இரவில் எங்கே உறங்குகிறார், மாணவன் அவரிடம் என்ன பேசினான் என்று கேட்கட்டும். விடை வந்த பிறகு மதிப்பெண் இடலாம்.