சுனைக்குப் பூட்டு போட்டால் போதுமா?

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கமோ ஆவடி செக்போஸ்ட் பக்கமோ ஒரு டீக்கடை வாசலில் நின்று பார்த்தால் தெரியும். பைக்கில் இரண்டிரண்டு பேராக வந்து சேருவார்கள். முதுகில் பெரிய பை, சீட்டுக்குப் பின்னால் உருட்டிக் கட்டிய டென்ட், பக்கவாட்டில் கரி பிடித்த ஒரு பாத்திரம். பூந்தமல்லியிலிருந்து வரும் நண்பனுக்காக இன்னொரு ரவுண்டு டீ. பிறகு செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி என்று வண்டிகள் வடமேற்கே போகும். போகும் இடம் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நாகலாபுரம் மலை. இல்லையென்றால் தடா அருவி.

இவர்களில் பலர் வீட்டில் "ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். எங்கே போகிறார்கள் என்பது வீட்டுக்கும் தெரியாது, வனத்துறைக்கும் தெரியாது. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? தண்ணீர். வெறும் தண்ணீர்தான்! ஆனால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போன்ற தண்ணீர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று சுற்றிலும் ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள், இருபது வயது வரை அப்படி ஒரு தண்ணீரில் காலை வைத்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகத்தான் பழக்கம்.

மலையில் மட்டும் தண்ணீர் ஏன் அவ்வளவு தெளிவு? நாகலாபுரம், நகரி பக்கத்து மலைகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கெட்டியான பாறை. மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, மெதுவாகக் கசிந்து, கீழே எங்கோ ஓர் ஊற்றுக்கண் வழியாக வெளியே வருகிறது. வழியில் மண்ணும் சேறும் கலக்க வாய்ப்பு குறைவு. அதனால்தான் மழை நின்று பல வாரம் ஆன பிறகும் பாறைக் குழிகளில் கண்ணாடி போலத் தண்ணீர் நிற்கிறது. ஊத்துக்கோட்டை என்ற பெயரிலேயே ஊற்று இருக்கிறதே!

தண்ணீர் தேடி மனிதன் அந்தப் பக்கம் போய்த் தங்குவதும் புதிய விஷயம் இல்லை. பூண்டிக்கு அருகே உள்ள அதிரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் கருவிகளும் குவார்ட்சைட் கல்லில் செய்தவைதான். கரண்ட் இல்லாமல், கழிப்பறை இல்லாமல், தண்ணீருக்குப் பக்கத்தில் இரவைக் கழிப்பதை இன்று 'பிரிமிட்டிவ் கேம்பிங்' என்று சொல்லி வெளிநாட்டில் பணம் கட்டிச் செய்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் அது லட்சக்கணக்கான ஆண்டு வழக்கம்.

சரி, விஷயத்துக்கு வரலாம். இந்தப் பயணங்களில் உயிர்கள் போகின்றன. தடா அருவியிலும் நாகலாபுரம் மலையிலும் சென்னை இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்திகள் பல முறை வந்திருக்கின்றன. படிக்கிறவர்கள் உடனே சொல்வது, "குடித்துவிட்டு ஆட்டம் போட்டிருப்பார்கள்." சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் குடிக்காதவர்களும் சாகிறார்கள். காரணம் சாதாரண பள்ளி இயற்பியல். தெளிந்த நீரில் ஒளி விலகுவதால் ஆழம் முக்கால் பங்காகத் தெரியும். 12 அடிப் பள்ளம் மேலிருந்து பார்த்தால் 9 அடி போல இருக்கும். கலங்கிய தண்ணீரைப் பார்த்தால் பயம் வரும், தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் தைரியம் வரும். நீச்சல் தெரியாதவனுக்கு அந்தத் தைரியம்தான் எமன். பாசி படிந்த பாறை, மலை மேலே பெய்யும் மழையால் திடீரென்று ஏறும் ஓடை, போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கு... இவையும் சேர்ந்துகொள்கின்றன.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் என்ன நடக்கிறது? ஒரு பலகை, ஒரு சங்கிலி, ஒரு தடை. கொஞ்ச நாள் போலீஸ் நிற்கும். பிறகு பைக்குகள் வேறு பாதை கண்டுபிடித்துவிடும்.

தடை போடுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறுக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். அங்கே இருக்கும் விலங்குகளுக்கும் அந்தச் சுனைதான் குடிநீர். நூறு பேர் வந்து சோப்பு போட்டுக் குளித்து, பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் போனால் அது சுனையாகவே இருக்காது. காணாமல் போனவர்களைத் தேடி ராத்திரியில் மலை ஏற வேண்டியதும் சில வனக்காவலர்களும் பக்கத்துக் கிராமத்துக்காரர்களும்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 23 பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்குப் பிறகு அதிகாரிகள் பயப்படுவதில் தவறு இல்லை.

ஆனால் பயத்தில் போடும் பூட்டு, ஆபத்தைக் குறைக்கிறதா, மறைக்கிறதா? இதுதான் கேள்வி. அனுமதி இருந்தால் பதிவேட்டில் பெயர் இருக்கும், கூட ஒரு வழிகாட்டி இருப்பார், இந்தக் குழியில் இறங்காதே என்று சொல்ல ஆள் இருக்கும். அனுமதி இல்லாமல் போகிறவனுக்கு இது எதுவுமே கிடையாது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில், அடிபட்டால்கூட உடனே போன் செய்யத் தயங்குவான். நீச்சல் தெரியாமல், ஆழம் தெரியாமல், யாருக்கும் தெரியாமல் இறங்குகிறான். தடை அவனை நிறுத்தவில்லை, தனியாக விட்டிருக்கிறது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலேயே. ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுகிறது. காவிரியில் நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் தடை போடும், குறைந்தால் தடையை எடுக்கும். பரிசலில் ஏறுகிறவர் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். ஓட்டுகிறவர் அந்த ஆற்றிலேயே வளர்ந்தவர். அங்கே தடை என்பது பூட்டு அல்ல, ஓர் அளவுகோல்.

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த நடைகள் பெரும்பாலும் ஒரே பகலில் முடிபவை. கூடாரம் போட்டுத் தங்குவதும் நீரில் இறங்குவதும் இன்னும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. ஆனால் இளைஞர்கள் பைக்கை எடுப்பதே அந்த இரண்டுக்காகத்தான்!

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இச்செடக்னி என்று ஓர் ஊற்று ஆறு இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சுமார் 22 டிகிரியில் தெளிந்த நீர். கயாக்கில் போகலாம், மிதவையில் மிதக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் மிதக்கலாம் என்று கணக்கு உண்டு. தூக்கி எறியும் பாட்டிலோ பொட்டலமோ ஆற்றுக்குள் கொண்டுபோக முடியாது. அந்த ஊர் மக்கள் எல்லாம் பிறவியிலேயே ஒழுக்கசாலிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விதி எளிமையாக இருக்கிறது, வாசலிலேயே ஆள் நின்று பார்க்கிறார், அவ்வளவுதான்.

இதே மாதிரி எல்லையோரச் சுனைகளுக்கும் செய்ய முடியும். கூடாரம் காட்டுக்குள் வேண்டாம். அடிவாரக் கிராமத்தில் தோப்பு வைத்திருப்பவர் இடம் கொடுக்கட்டும், வாடகை அவருக்குப் போகட்டும். பகலில் வழிகாட்டியோடு சுனைக்குப் போய்வரலாம். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். சோப்பு கிடையாது, மது கிடையாது, காய்ந்த புல் இருக்கும் காலத்தில் அடுப்பு கிடையாது. காலைக்கடனுக்குத் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி அரை அடி ஆழக் குழி. கொண்டுபோன குப்பை திரும்பி வர வேண்டும். எண்ணிக்கை நிரம்பிவிட்டால் அடுத்த வாரம். இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. இரண்டு மாநில வனத்துறைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

அடுத்து கயாக். எஸ்கிமோ மக்கள் கடல்நாய்த் தோலில் செய்த ஒடுங்கிய படகு அது. இரு முனையிலும் அலகு உள்ள ஒரே துடுப்பு. மலைச் சுனையில் அதை விட இடம் கிடையாது, விடவும் கூடாது. அதற்கு இடம் ஏரி. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் பசுமைப் பூங்கா திறந்து படகுச் சவாரியும் தொடங்கினார்கள். அந்த மாதிரி ஏரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சியாளரை வைத்து நீச்சலும் துடுப்பும் சொல்லிக்கொடுத்தால் என்ன? செம்பரம்பாக்கம், புழல், பூண்டி எல்லாம் குடிநீர் ஏரிகள். அவற்றைத் தொட வேண்டாம், அதில் இரண்டு கருத்து இல்லை. மற்ற ஏரிகள் இருக்கின்றனவே!

"சாக்கடை கலக்கிற ஏரியில் யார் இறங்குவது?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்குள்ளேயே பதிலும் இருக்கிறது. யாரும் இறங்காததால்தான் சாக்கடை கலக்கிறது. குடிமராமத்து இருந்த காலத்தில் ஊர் மக்களே ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்தத் தண்ணீர் அவர்கள் வயலுக்குப் போனது. பொதுச்சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினார். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்தபோது பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள் அதன் கரையில் வாழும் சாதாரண மக்கள்தான். இன்று அந்த ஏரிகளுக்கும் பெரும்பாலான வீடுகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வாரம் இரண்டு முறை தன் பிள்ளை இறங்கும் தண்ணீரில் லாரி வந்து கழிவைக் கொட்டினால் எந்தத் தாயும் சும்மா இருக்க மாட்டாள்.

இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னைத் தெருக்களில் மீனவர்களின் படகுகள் வந்துதான் பலரைக் கரை சேர்த்தன. மிக்ஜாமில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றது. ஏரிகளுக்கு நடுவே குடியிருந்தும் நீந்தத் தெரியாத, துடுப்பு பிடிக்கத் தெரியாத ஒரு தலைமுறை, மாடியில் நின்றுகொண்டு கடற்கரை ஊர்களிலிருந்து படகு வரும் என்று காத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பாடம் இருக்கிறது. நீச்சல்தான் இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் டீக்கடை வாசலுக்கு பைக்குகள் வரும். எத்தனை பலகை வைத்தாலும் வரும். அவர்கள் நீந்தத் தெரிந்து, வீட்டில் உண்மையைச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகப்போகிறார்களா, இல்லை இப்போது போவது போலவே யாருக்கும் தெரியாமல் போகப்போகிறார்களா என்பதை மட்டும்தான் அரசாங்கமும் பெற்றோரும் முடிவு செய்ய முடியும்.

போவதா வேண்டாமா என்பதை அந்தத் தெளிந்த தண்ணீர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.