தறிச் சத்தமும் இயர்போன் வால்யூமும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் மானிட்டர், பிரிண்டர் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்கிறார்கள். "காதுக்குள் செருகும் இயர்போன் வாங்கலாமா? காது கெட்டுவிடும் என்கிறார்களே!" தாராளமாக வாங்கலாம் என்பதே என் பதில். அதிலும் எங்கள் வெள்ளகோவில் போன்ற ஊருக்கு அந்த வகைதான் பொருத்தம். காரணம் விசைத்தறி.

எங்கள் பக்கம் வீட்டை ஒட்டியே தறிக் குடோன் இருப்பது சாதாரணம். தறிகள் ஓடும்போது குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் பாடம் கேட்கும் பையன் என்ன செய்வான்? ஆசிரியர் குரல் தறியை மீறிக் கேட்கும் வரை வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவான். காது மடலில் சும்மா தொங்கும் இயர்போன் வெளிச் சத்தத்தைத் தடுக்காது. துவாரத்தை அடைக்கும் ரப்பர் முனை உள்ள இயர்போன் சரியாகப் பொருந்தினால் 15, 20 டெசிபல் வரை குறைத்துவிடும். அந்த அளவுக்கு வால்யூமையும் குறைத்து வைக்கலாம்.

பொருந்தினால் என்றேன் அல்லவா, அதில்தான் விஷயமே இருக்கிறது. டப்பாவில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி முனைகள் தருகிறார்கள். மாட்டியிருப்பதை அப்படியே பயன்படுத்திவிட்டு மற்றதைக் குப்பையில் போடுபவர்களே அதிகம். காதை மேல்பக்கமாக லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இயர்போனைச் செருகிப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது. பாட்டில் தபேலா ஓசை மெலிந்து கேட்டால் முனை சிறியது. அரை மணி நேரத்தில் வலித்தால் பெரியது. இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் வேண்டும் என்பதில்லை.

இனி கணக்கு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம். 92 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் இரண்டரை மணி நேரம்தான்! உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய முடி செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

2025 பிப்ரவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம், 50 டெசிபலுக்கு மேல் வைக்க வேண்டாம், நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஆலோசனை வழங்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் 50 டெசிபல் என்பது அமைதியான வீட்டில் மெதுவாகப் பேசும் அளவு. தறி ஓடும் தெருவில் அது காதிலேயே விழாது. தறியை நிறுத்தச் சொல்ல முடியாத ஊரில், சத்தத்தை அடைக்கும் முனைதான் நடைமுறைக்கு ஒத்த வழி என்பது என் கருத்து.

இதை வைத்துக்கொண்டு தறி ஓட்டுபவர் குடோனுக்குள் இயர்போனில் பாட்டுக் கேட்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பாட்டு தறியையும் மீற வேண்டியிருக்கும். அவருக்குத் தேவை பாட்டில்லாத, குறைந்த விலையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான்.

சாலையில் அறவே கூடாது. வீட்டில் நன்மை செய்யும் அதே அடைப்பு, கரூர் – கோவை நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரி ஹாரனை மறைத்துவிடும். 2018 ஏப்ரலில் உத்தரப்பிரதேசம் குஷிநகரில் ஆளில்லா ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் இயர்போன் மாட்டியிருந்தார் என்று அப்போது செய்திகள் வந்தன.

சில சின்ன விஷயங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரக் காதில் மாட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஒருவர் இயர்போனை இன்னொருவர் வாங்கி மாட்ட வேண்டாம். காதுக் குறும்பி தானாகவே வெளியே வரக்கூடியது. இயர்போன் அதை உள்ளே தள்ளும் என்பதால் இடையிடையே கழற்றி ஓய்வு கொடுங்கள். கம்ப்யூட்டரில் மாட்டியதும் காதில் சுருக்கென்று ஷாக் அடித்தால் இயர்போனைக் குறை சொல்லாதீர்கள். பிளக் பாயிண்டில் எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விண்டோஸில் டாஸ்க் பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து முதலில் வால்யூமை 20க்குக் கொண்டு வாருங்கள். பிறகு இயர்போனைக் காதில் மாட்டி, குரல் தெளிவாகும் வரை மட்டும் கூட்டுங்கள். கழற்றிய பிறகும் காதில் 'கொய்ங்' என்ற ரீங்காரம் நீடித்தால் வால்யூம் அதிகம் என்று அர்த்தம். மறுநாளும் அது போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.